யூனியன்வில்லில் ஓர் அலுகோசு வீடு

ஒரு வீட்டு உறுதிப் பத்திரத்தை வாசிப்பதற்காகப் பாதி உலகத்தைச் சுற்றி வந்த ஆள் நானாகத்தான் இருப்பேன். ரொறொன்ரோவில் இருக்கும் என் தங்கை வசந்தி கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, நாங்கள் வீடு வாங்கப் போறம். எல்லாம் இங்கிலீசிலை கட்டுக் கட்டாக் கிடக்கு. நீங்கள் வந்து ஒருக்கால் வாசிச்சால்தான் எனக்கு நித்திரை வரும்" என்றாள். கனடாவில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரும் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "இருக்கினம். ஆனா அவையெல்லாம் வீடு விக்கிற ஆக்கள்" என்றாள்.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் இந்த வேலை பார்ப்பவரைக் கோட்டு முதலியார் என்பார்கள். நீதிபதி சொல்வதைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மரண தண்டனையும் அதில் அடக்கம். அந்த நேரம் விளக்குகளை அணைத்து, மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நீதிபதி சொல்லி முடித்த பிறகு அந்த இருட்டில் என் குரல் மட்டும் கேட்கும். எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு இலங்கையில் ஒருவரையும் தூக்கிலிடவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல். தீர்ப்பு தாளில் கிடக்கும், ஆள் சிறையில் கிடப்பார். ஆனால் வசந்தியின் கணவர் தர்மலிங்கத்துக்கு என்னைப் பகிடி பண்ண இவ்வளவும் போதும். விமான நிலையத்திலேயே, "வாங்கோ, தூக்கு முதலியார்!" என்று கட்டிப்பிடித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு தமிழர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மே மாதம், வசந்த காலம் என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே வந்தவுடன் பல் கிட்டியது. "இதுதான் வசந்தமோ?" என்றேன். "குளிர் எண்டால் என்னவெண்டு உங்களுக்குத் தெரியாது, மச்சான்" என்று தர்மா பெருமையோடு சொன்னார். இந்த ஊர்ச் சனங்கள் குளிரைப் பற்றிப் பேசும்போது பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைச் சொல்வது போல ஒரு தோரணை வந்துவிடுகிறது.

ரெக்ஸ்டேலில் அவர்களுடைய அடுக்குமாடி. லிஃப்டில் ஏறினால் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு நாட்டுச் சமையல் மணக்கிறது. வசந்தி வீடு பதினாலாம் மாடி என்றார்கள். பொத்தான்களைப் பார்த்தேன். பன்னிரண்டு இருந்தது, பதினாலு இருந்தது, பதின்மூன்றைக் காணவில்லை. "அது கூடாத நம்பர் எண்டு வைக்கிறேல்லை" என்றார் தர்மா. எனக்கு ஒரே சந்தோஷம். சந்திரனுக்கு ஆள் அனுப்பிய கண்டத்திலும் இராகு காலம் பார்க்கிறார்கள். அப்படியென்றால் நீங்கள் இருப்பது பதின்மூன்றாம் மாடிதானே என்று கேட்டேன். தர்மாவின் முகம் கொஞ்சம் மாறியது.

மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு வீடு பார்க்கப் போனோம். வீடு விற்கும் தரகர் சுரேன் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனார். இடுப்பில் பேஜர், கழுத்தில் ரை, வாயில் வசனத்துக்கு ஒரு "அண்ணை". யூனியன்வில் ரொறொன்ரோவுக்கு வடக்கே, பழைய கிராமம் போல ஒரு தெரு. மரத்தால் கட்டிய வெள்ளை வீடுகள், பச்சை யன்னல்கள், முன்னுக்குச் சின்ன விறாந்தை. நூறு வருடம் தாண்டிய வீடுகள் என்று சுரேன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எங்களூரில் நூறு வருட வீடென்றால் ஓடு மாற்றக் காசில்லாதவன் வீடு. இங்கே அது வரலாற்றுச் சின்னம், ஓர் ஆணி அடிக்கவும் நகரசபையைக் கேட்க வேண்டுமாம்.

வசந்தி சமையலறை யன்னலருகே போய் நின்றாள். வெளியே புல், புல்லுக்கு அப்பால் ஒரு ஆப்பிள் மரம். "அண்ணை, யன்னலைத் திறந்தால் மண் தெரியுது" என்றாள். பதினாலாம் மாடியில் அவள் வைத்த கறிவேப்பிலைக் கன்றுகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போன கதையைத் தொலைபேசியில் பலமுறை கேட்டவன் நான். இந்த வீடு அவளுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று அந்த நிமிடமே எனக்கு ஆசை வந்துவிட்டது.

வெளியே வந்தபோது தர்மா வாசலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார். வாசல் சுவரில் ஒரு சின்னப் பலகை. அந்தத் தெருவில் பழைய வீடுகளுக்கெல்லாம் அப்படி ஒன்று இருக்கிறது. முதன்முதலில் குடியிருந்தவரின் பெயரும் தொழிலும் எழுதியிருப்பார்கள். அடுத்த வீட்டில் கொல்லர், அதற்கடுத்ததில் சேணம் தைப்பவர். எங்கள் வீட்டுப் பலகையில் ஒரு வெள்ளைக்காரப் பெயர், அதன் கீழே 'பேப்பர் ஹாங்கர்'.

"வேண்டாம். அலுகோசு இருந்த வீடு வேண்டாம்" என்றார் தர்மா. தூக்குப் போடுபவருக்கு இலங்கையில் அலுகோசு என்று பெயர்.

"ஹாங்கர் சரி. பேப்பர் என்ன?" என்றேன்.

"மச்சான், இந்த நாட்டிலை பேப்பர் எண்டால் என்ன? நான் எத்தினை வருஷம் பேப்பருக்கு அலைஞ்சனான்? பேப்பர் கிடைச்சவன் எண்டால் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ஆள். அப்ப பேப்பர் ஹாங்கர் எண்டால் அரசாங்க நியமனம் பெற்ற அலுகோசு. பேப்பர் இல்லாமல் களவாத் தூக்கினவனில்லை."

சிரிக்காதீர்கள். எனக்கும் அந்தச் சொல் தெரியாது. நீதிமன்றத்தில் 'ஹாங்' என்ற வினைச்சொல்லுக்குத் தூக்கிலிடுவது என்ற ஓர் அர்த்தத்தைத்தான் நான் கேட்டிருக்கிறேன். வீட்டில் இருந்தது அவர்களுடைய மகள் ஷாமினியின் பள்ளிக்கூட அகராதி. அதில் காகிதமும் இருந்தது, தொங்கவிடுவதும் இருந்தது, இரண்டும் சேர்ந்து இல்லை. ஷாமினியைக் கேட்டோம். "ஐ டோன்ட் நோ, மாமா. எனக்கு ஒரு ரூம் வேணும், தட்ஸ் ஆல்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

சுரேன் அசரவில்லை. "அண்ணை, உது ஹிஸ்ரோரிக் வீடு. ஹிஸ்ரறி எண்டால் ஒண்டு ரெண்டு கொலை இருக்கத்தான் செய்யும்" என்றார். சனிக்கிழமை பின்னேரத்துக்குள் கையெழுத்து வைக்காவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார். வசந்தி அன்றிரவு சோற்றில் உப்புப் போட மறந்தாள்.

அடுத்த நாள் தர்மா லீவு எடுத்துக்கொண்டு என்னை நகரத்துக்குக் கூட்டிப்போனார். ஆராய்ச்சிக்கு என்று சொன்னார். முதலில் பழைய வீடொன்றுக்குப் போனோம். அதைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். நாடா வைத்த தொப்பியும் நீளப் பாவாடையுமாக ஒரு பெண் விறகடுப்பில் பணிஸ் என்கிற பன் ரொட்டி சுட்டு, ரிக்கற் எடுத்தவர்களுக்குத் துண்டு துண்டாகத் தருகிறார். கண் எரிய எரிய விறகடுப்பு ஊதியே எங்கள் அம்மாவின் காலம் போனது, ஒருவரும் ரிக்கற் எடுக்கவில்லை. பணிஸ் நன்றாகத்தான் இருந்தது. இந்த மாதிரி வீடுகளில் அலுகோசுமார் குடியிருந்ததுண்டா என்று அந்தப் பெண்ணைப் பணிவாகக் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அங்கே நின்ற பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து ஜெராட் தெருவுக்குப் போய் மசாலாத் தோசை சாப்பிடலாம் என்று ஸ்ரீற்கார் ஏறினோம். ரொறொன்ரோவின் ஸ்ரீற்கார் தண்டவாளத்தில் ஓடுகிற பஸ். முன்னால் ஒரு கார் நின்றால் விலக முடியாது, மணியடித்துக்கொண்டு மாடு போல நிற்கும். தர்மாவுக்கு எப்போதும் கார்தான், ஸ்ரீற்கார் பழக்கமில்லை. வந்ததில் ஏற்றினார். அது எதிர்த்திசையில் போனது. இறங்கி வேறொன்று பிடித்தால், வண்டி மாறுவதற்குத் தந்த சீட்டை அவர் கை துடைத்த காகிதத்தோடு சேர்த்து எறிந்திருந்தார். சாரதி எங்களை விசாரித்த விதத்தைப் பார்த்தபோது, கூண்டில் நிற்பவர்களின் மனநிலை முதல் தடவையாக எனக்கு விளங்கியது.

டொன் ஆற்றைக் கடந்து கொஞ்சத் தூரம் போனதும் கறுத்துப்போன ஒரு பெரிய கல் கட்டடம் தெரிந்தது. பக்கத்து ஆசனத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவர், கேட்காமலே சொல்லத் தொடங்கினார். "அதுதான் பழைய சிறை. இந்த நாட்டில் கடைசியாக இரண்டு பேரைத் தூக்கிலிட்டது அங்கேதான். அறுபதுகளின் தொடக்கம். ஒரே நேரத்தில் இருவரையும். நான் வெளியே குளிரில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றேன்." பிறகு தென்பக்கம் கையைக் காட்டி, "ஏரிக்கு அந்தப் பக்கம் நியூயோர்க் மாநிலத்தில் போன வருடம் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கேயும் அழகான பழைய வீடுகள் நிறைய இருக்கின்றன, போய்ப் பாருங்கள்" என்றார். மரண தண்டனையையும் சுற்றுலாவையும் ஒரே மூச்சில் சொல்ல வெள்ளைக்காரரால்தான் முடியும்.

தர்மா உடனே விஷயத்துக்கு வந்தார். தூக்குப் போடுபவர் எங்கே குடியிருந்தார், யூனியன்வில்லிலா என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? அந்த மனிதர் பெயரையும் ஊரையும் எவருக்கும் சொல்லியதில்லை. நீங்களாக இருந்தால் சொல்வீர்களா?" என்றார் கிழவர்.

"பாத்தியளே!" என்று தர்மா என் விலாவில் இடித்தார்.

"என்னத்தைப் பாக்கிறது? ஒளிச்சுத் திரிஞ்ச ஆள் வாசலிலை பலகை அடிச்சு வைப்பானே?" என்றேன். நீதிமன்றத்தில் நான் குறுக்கு விசாரணை செய்ததில்லை, கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. தர்மா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தோசையும் பாதியில் மிஞ்சியது. தோசையை மிச்சம் விடுகிற ஆளல்ல அவர்.

வெள்ளிக்கிழமை வசந்தி பொறுமை இழந்தாள். "வீட்டுக்காரியையே கேப்பம்" என்று எங்களை இழுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்காரி மார்கரெட் என்ற வயதான அம்மையார். மகளோடு போய் இருப்பதற்காக வீட்டை விற்கிறார். தேநீரும் கேக்கும் வைத்தார். நான் தொண்டையைச் செருமி, "அம்மணி, இந்த வீட்டின் முதல் சொந்தக்காரர் எத்தனை பேரைத் தூக்கிலிட்டார் என்று தங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பலகையைச் சொன்னேன். அவ்வளவுதான், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிய எழுந்து எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், சுவரில் உரிந்துகொண்டிருந்த பூப்போட்ட காகிதத்தின் மூலையைப் பிடித்து இழுத்தார். அதன் கீழே நீலக் கோடு போட்ட காகிதம், அதன் கீழே கிளி படம் போட்டது. "இதுதான் அந்த மனிதரின் குற்றம். சுவருக்குக் காகிதம் ஒட்டினார்" என்றார்.

வசந்திக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "தர்மா, நீர் சொன்ன அலுகோசு பசை வாளியோடை திரிஞ்சவராம்!" என்று நானும் சத்தம் போட்டேன். "காகிதத்திலை மட்டும் தூக்கினதெண்டால் பேப்பர் ஹாங்கர் நான்தான். அப்ப என்னை இனி வீட்டுக்குள்ளை எடுக்க மாட்டீரோ?"

திரும்பிப் பார்த்தால் தர்மா அறையில் இல்லை. விறாந்தையில், தெருவுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார்.

காரில் ஏறியதும், "எண்டாலும் வேண்டாம்" என்றார். குசினி சின்னதாம். பனிக்காலத்தில் படி வழுக்குமாம். பழைய மரமாம். வசந்தி இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது வெடித்தது. "உங்களுக்கு என்ன பிரச்சினை? அலுகோசு எண்டியள். அது இல்லையெண்டு ஆச்சு. நான் என்ன மாளிகையே கேட்டனான்? ஒரு யன்னல். திறந்தால் மண் தெரியிற ஒரு யன்னல்."

தர்மா காரை ஓரமாக நிறுத்தினார்.

"வாசலுக்கு நேரை அந்த லைட் போஸ்ட்" என்றார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வீட்டுக்கு முன்னால் பழங்கால மோஸ்தரில் ஒரு கறுப்பு விளக்குக் கம்பம் நிற்கிறது. மேலே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஒரு இரும்புக் கை. அதில் ஒன்றும் இல்லை, வெறும் கொழுக்கி. அழகாக இருக்கிறதென்று நான்தான் படம் பிடித்தேன்.

"ஊரிலை எங்கடை வீட்டுக்கு முன்னாலையும் ஒண்டு இருந்தது. பக்கத்து வீட்டு நேசன் பின்னேரம் வந்து என்ரை சைக்கிளைக் கேட்டான். குடுத்தன். விடியக் காலமை யன்னலைத் திறந்தால் அவனைச் சுட்டுப்போட்டு அந்தப் போஸ்டிலை கட்டிக் கிடக்கு. கழுத்திலை ஒரு மட்டை, துரோகி எண்டு எழுதி. சைக்கிளைப் பக்கத்திலை பத்திரமாச் சாத்தி வைச்சிருந்தாங்கள். அம்மா யன்னலைச் சாத்தினவ. நான் நாட்டை விட்டு வெளிக்கிடும் வரைக்கும் அந்த யன்னலைத் திறக்கேல்லை."

என் நாட்டில் ஒருவரையும் தூக்கிலிடுவதில்லை என்று எத்தனை இடத்தில் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நேசனுக்காக எந்த மண்டபத்திலும் விசிறியை நிறுத்தவில்லை. எவரும் எழுந்து நிற்கவில்லை. மொழிபெயர்க்கவும் ஆள் தேவைப்படவில்லை. விமான நிலையத்திலிருந்து இன்று வரை நாங்கள் அடித்த தூக்குப் பகிடிகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"ஏனப்பா இதை எனக்குச் சொல்லேல்லை?" என்றாள் வசந்தி.

"அலுகோசு எண்டால் எல்லாரும் சிரிப்பியள். அப்பிடியே வீடும் இல்லாமல் போயிடும் எண்டு நினைச்சன்."

வசந்தி அவருடைய தோளில் கையை வைத்தாள். "அப்ப வேண்டாம். வேறை பாப்பம்" என்றாள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் கவலையாக இருந்தது.

தேநீர் தந்தவருக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை. சனிக்கிழமை நேரே போய்ச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். வசந்தி ஒரு பெட்டி நிறைய முறுக்கும் எடுத்துக்கொண்டாள். அன்று திடீரென்று நல்ல வெயில். நேற்று வரை குளிரைப் பற்றிப் பேசிய சனமெல்லாம் அரைக் காற்சட்டையோடு தெருவில் நின்றது.

வீட்டுக்கு முன்னால் நகரசபை ட்ரக் ஒன்று நின்றது. விளக்குக் கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. ஏணி உச்சியில் ஒரு மனிதர் நின்று இரும்புக் கையில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். தர்மா காரைத் தள்ளி நிறுத்திவிட்டார். அவருடைய கை ஸ்ரியறிங்கை விட்டு வரவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அந்த நேரம் ஏணியில் நின்றவர் கீழே குனிந்து யாரையோ கூப்பிட்டார். கூட வந்தவர் கோப்பி வாங்கப் போய்விட்டார் போலிருக்கிறது. எங்கள் காரைக் கண்டு கையசைத்தார். "சேர், அதை ஒருக்கால் மேலே தூக்கித் தருவீர்களா?"

கம்பத்தின் அடியில் ஒரு பூக்கூடை இருந்தது. சிவப்பும் ஊதாவுமாகப் பூ நிறைந்து, மூன்று சங்கிலி கோத்த பெரிய கூடை. தெரு முழுக்கப் பார்த்தேன். அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் ஒவ்வொரு கூடை தொங்கிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்தது இந்தப் பக்கக் கம்பங்கள்தான். அந்த வெறும் கொழுக்கி எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது.

தர்மா இறங்கினார். கூடைக்குக் கிட்டப் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். இவருக்கு ஆங்கிலம் தெரியாதென்று நினைத்தாரோ என்னவோ, ஏணிக்காரர் கையால் மேலே மேலே என்று காட்டினார். வசந்தி கார்க் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்து மறித்தேன்.

தர்மா குனிந்தார். இரண்டு கையாலும் கூடையைத் தூக்கித் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் போல. மண்ணும் தண்ணீருமாக அவருடைய தலையில் வடிந்து, சேட்டுக்குள்ளால் இறங்கியது. அவர் கையை எடுக்கவில்லை. மேலே நின்றவர் சங்கிலியைக் கொழுக்கியில் மாட்டி, "பிடித்துவிட்டேன், விடலாம்" என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் கையை உயர்த்தியபடியே நின்றார். பிறகு அந்த மனிதரிடம் ஏதோ கேட்டார். அவர் தெருவைக் காட்டிப் பதில் சொன்னார்.

காருக்குத் திரும்பி வந்தபோது மூக்கு நுனியில் மண் இருந்தது. வசந்தி சீலைத் தலைப்பால் துடைத்தாள். முகத்தில் வடிந்ததெல்லாம் கூடைத் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்வோம்.

"என்ன கேட்டனீங்கள்?" என்றாள்.

"ஒவ்வொரு வருஷமும் போடுவினமோ எண்டு. போடுவினமாம். திரும்பப் பனி கொட்டுமட்டும் தொங்குமாம். விடியக் காலமை ஆள் வந்து தண்ணி ஊத்துவானாம்." திரும்பி அந்தக் கம்பத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மச்சான், நூறு வருஷத்துக்குப் பிறகு உந்தப் பலகையிலை என்ரை பேரையும் போடுவாங்கள். தர்மலிங்கம், பூக்கூடை ஹாங்கர்."

வசந்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் முறுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

சுரேன் பேஜரும் ரையுமாகப் பறந்து வந்தார். மார்கரெட் அம்மையாரின் சமையலறை மேசையில் ஒப்பந்தத்தை விரித்து வைத்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வந்த வேலையைத் தொடங்கினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இருவருக்கும் சத்தமாகத் தமிழில் சொன்னேன். அம்மையார் காலையில் கேக் சுட்டதால் அறை சூடாக இருந்தது. யன்னல் திறந்திருந்தது. மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காகிதங்கள் படபடத்தன. விசிறியை நிறுத்தட்டுமா என்று அம்மையார் கேட்டார்.

வேண்டாம், ஓடட்டும் என்றேன்.